45 எழுத்து நோய்ப் பெயர்: எத்தனை சிலபிள், எங்கே அழுத்தம்?

வாசகர் கேள்வி, ஜூலை 3

நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கிலத்தின் மிக நீளமான மருத்துவச் சொல் என்று 45 எழுத்துள்ள ஒன்றைப் பலகையில் எழுதிப் போட்டார்கள்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். எத்தனை சிலபிள் என்று கேட்டதற்கு நான் 20 என்றேன், என் தோழி 19 என்கிறாள். தமிழில் எழுதி எண்ணினாலும் எனக்கு 20தான் வருகிறது. யார் சரி? அழுத்தம் எங்கே விழும்? இவ்வளவு நீளத்தை எப்படி மனப்பாடம் செய்வது?

ஜூலை 3, இரவு

தோழி சொன்னதுதான் சரி, 19. இப்படிப் பிரியும்:

நியூ-மோ-னோ-அல்-ட்ரா-மை-க்ரோ-ஸ்கோ-பிக்-சி-லி-கோ-வால்-கே-னோ-கோ-னி-யோ-சிஸ்.

உங்களுடைய 20 எங்கிருந்து வந்தது என்றால், முதல் துண்டிலிருந்துதான். தமிழில் 'நியூ' என்று எழுதும்போது நி, யூ என்று இரண்டு எழுத்து ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது ஒரே மூச்சில் வரும் ஒரே சிலபிள். அமெரிக்கர்கள் 'யூ' கூட இல்லாமல் வெறும் 'நூ' என்றே சொல்வார்கள்.

மனப்பாடம் வேண்டாம். ஏன் என்று நாளை எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

ஜூலை 4

சரி, அழுத்தம். முக்கிய அழுத்தம் கடைசிக்கு முந்தின சிலபிளில்: கோ-னி-யோ-சிஸ். வழியில் அல், ஸ்கோ, சி, கே என்று சின்னச் சின்ன மேடுகள் உண்டு. அவை இல்லாமல் 19 சிலபிளை ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க முடியாது.

ஏன் யோ? ஏனென்றால் வால் 'ஓசிஸ்'. டியூபர்குலோசிஸ், த்ராம்போசிஸ், சிரோசிஸ் எல்லாவற்றிலும் 'ஓ'வில்தான் அழுத்தம். முன்னால் எத்தனை துண்டு ஒட்டினாலும் அது நகராது. அதனால் இந்த மாதிரிச் சொல்லை இடது பக்கத்திலிருந்து படிக்கக் கூடாது. முதலில் வாலைப் பாருங்கள். என்ன வகை விஷயம், நோயா அறுவையா பரிசோதனையா என்பதும் அங்கே இருக்கிறது, எங்கே அழுத்துவது என்பதும் அங்கே இருக்கிறது.

துண்டுகள்: நியூமோனோ = நுரையீரல் (கிரேக்கம்). அல்ட்ரா = மிஞ்சிய (லத்தீன்). மைக்ரோஸ்கோபிக் = நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற (கிரேக்கம்). சிலிகோ = சிலிக்கா. வால்கேனோ = எரிமலை. கோனி = தூசி (கிரேக்கம்). ஓசிஸ் = நோய்நிலை. கிரேக்கமும் லத்தீனும் கலந்த கதம்பம். அந்தக் காலத்துப் பண்டிதர்கள் யாராவது பார்த்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஜூலை 4, மதியம்

மேலே ஒருவர் 'எரிமலைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு வரும் அரிய நோய்' என்று எழுதியிருக்கிறார். அப்படி யாருக்கும் எந்த டாக்டரும் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை ஐயா. இந்தச் சொல் மருத்துவமனையில் பிறக்கவே இல்லை. 1935-ல் அமெரிக்காவின் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்ற புதிர்ப் பிரியர்கள் சங்கத்தின் அரையாண்டுக் கூட்டத்தில், அதன் தலைவர் எவரெட் ஸ்மித் உருவாக்கி அவிழ்த்துவிட்டது. நியூயார்க் ஹெரால்டு ட்ரிப்யூன் அந்தப் பிப்ரவரியில் அதைச் செய்தியாகப் போட்டது. அப்போது ஆங்கிலத்தில் கடைசிப் பகுதியான கோனியோசிஸை 'சி' என்ற எழுத்தில் தொடங்கவில்லை, 'கே' என்ற எழுத்தில் தொடங்கினார்கள். எழுத்து எண்ணிக்கை மாறாது, அப்போதும் 45தான். 1939-ல் வெப்ஸ்டர் அகராதியின் இணைப்பில் ஏறிவிட்டது. மிக நீளமான சொல்லுக்கு உதாரணம் காட்டத்தான் இது பெரும்பாலும் பயன்படுகிறது என்று ஆக்ஸ்போர்டு அகராதியே சொல்கிறது.

ஆனால் உள்ளே இருக்கிற நோய் பொய்யில்லை. கல்குவாரி, கண்ணாடி ஆலை, கல் அரைக்கும் ஆலை என்று சிலிக்கா தூசி பறக்கும் இடமெல்லாம் வருகிற சிலிகோசிஸ்தான் அது. நம் நாட்டில் 1948 தொழிற்சாலைகள் சட்டமே இதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்திருந்தது. 'நியூமோகோனியோசிஸ்' என்ற நிஜ மருத்துவச் சொல்லும் பழையது, 1860களில் ஜெர்மன் நோயியலாளர் ஜென்கர் கொடுத்த பெயரிலிருந்து வந்தது. ஸ்மித் செய்தது அதன் வயிற்றைக் கிழித்து நடுவில் நாலைந்து துண்டுகளைச் செருகியதுதான்.

சென்னையில் மெடிக்கல் கோடிங்கில் (நோய்ப் பெயருக்குக் குறியீட்டு எண் போடும் வேலை) இருக்கும் நண்பரிடம் இதற்கு என்ன கோடு போடுவாய் என்று கேட்டேன். 'ஜே62.8, அடுத்த சார்ட்டை அனுப்பு' என்றார்.

ஜூலை 5

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டவருக்கு: நான் டாக்டர் இல்லை. கோயம்புத்தூரில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அந்த வேலையில் இருந்தேன். அமெரிக்க டாக்டர் அங்கே பகலில் போனில் பேசிப் பதிவு செய்வார், நாம் இங்கே ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டி, காலால் பெடலை மிதித்து மிதித்து டைப் அடிப்போம். பெடலின் நடுவை மிதித்தால் ஓடும், ஓரத்தை மிதித்தால் பின்னால் போகும். புரியாத சொல் வந்தால் அந்த ஓரத்திலேயேதான் கால் கிடக்கும்.

அந்த டாக்டர்கள் பேசுவது கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி. சொல்லில் அழுத்தம் விழுகிற இடம் மட்டும்தான் காதில் தெளிவாக விழும். மீதி உயிரெழுத்தெல்லாம் 'அ'வுக்கும் 'இ'க்கும் நடுவில் ஏதோ ஒன்றாகக் கரைந்துவிடும். புதிதாக வந்தவர்கள் தொடக்கத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள், பழையவர்கள் மேட்டைப் பிடிப்பார்கள்.

கைக்கு அடங்கிய உதாரணம், இரைப்பை. ஆங்கிலத்தில் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், அழுத்தம் கடைசிக்கு முந்தின துண்டில் (ட்ரை, ட்ரெக், ட்ராஸ், ஸ்கா, ரா):

கேஸ்-ட்ரை-டிஸ் (இரைப்பை அழற்சி)
கேஸ்-ட்ரெக்-டமி (வெட்டி எடுப்பது)
கேஸ்-ட்ராஸ்-கபி (குழாய் விட்டுப் பார்ப்பது)
கேஸ்ட்ர-ஸ்கா-பிக் (அந்தப் பரிசோதனை தொடர்பான)
கேஸ்ட்ரோ-என்ட்டர்-ரா-லஜி (இரைப்பை, குடல் மருத்துவத் துறை)

வேர் ஒன்றுதான். வால் மாற மாற மேடு இடம் மாறுகிறது.

நடுவில் வரும் 'ஓ' பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வேரில் சேராது, ஒட்டுவதற்கு வைத்த எழுத்து. பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் வால் வந்தால் ஓடிவிடும்: கேஸ்ட்ரைடிஸில் 'ஓ' இல்லை. ஆனால் இரண்டு வேர்களுக்கு நடுவில் நின்றால், அடுத்தது உயிரெழுத்தாக இருந்தாலும் நகராது: கேஸ்ட்ரோஎன்டரைடிஸ், ஆஸ்டியோஆர்த்ரைடிஸ். ஸ்பெல்லிங்கில் பாதிச் சந்தேகம் இந்த ஒரு விதியில் தீரும்.

ஜூலை 5, பின்குறிப்பு

எங்களுக்குச் சம்பளம் வரிக் கணக்கில். இடைவெளியையும் சேர்த்து 65 கேரக்டர் ஒரு வரி. 45 எழுத்துச் சொல் ஒன்றே மூன்றில் இரண்டு பங்கு வரிக்கு மேல் போகும். ஒருவர்கூட டிக்டேட் பண்ணவில்லை என்பது இன்னும் வருத்தம்தான்.

ஜூலை 6

'முதலெழுத்து ப-வா ந-வா?' என்ற கேள்விக்கு: எழுத்தில் 'பி' உண்டு, வாயில் இல்லை. கிரேக்கர்கள் அந்த 'ப்'பை உச்சரித்தார்கள், ஆங்கிலத்துக்குச் சொல் தொடக்கத்தில் அந்தக் கூட்டு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் முன்னால் ஓர் உயிர் வந்துவிட்டால் 'ப்' எழுந்து உட்கார்ந்துகொள்ளும். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதே, அந்த 'ஆப்னியா'வில் 'ப்' கேட்கிறதா? அதுவும் மூச்சு சம்பந்தப்பட்ட கிரேக்கச் சொல்தான்.

டிரான்ஸ்கிரிப்ஷனில் இது தினசரித் தலைவலி. காதில் 'டோசிஸ்' என்று கேட்கும், 'டி'யில் தேடினால் அகராதியில் இருக்காது, அது 'பி'யில் தொடங்குகிற டோசிஸ் (இமை தொங்குவது). இடுப்புக்குள் இருக்கும் சோவாஸ் தசையும் அப்படித்தான், சொரியாசிஸும் அப்படித்தான். ந, ட, ச என்று தொடங்கி எங்கேயும் கிடைக்காவிட்டால் 'பி'யில் ஒரு எட்டு பார் என்று சீனியர்கள் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஜூலை 7

புலவர் ஒருவர் உள்ளே வந்துவிட்டார். 'சிலபிள் என்றால் அசைதானே, தமிழ் முறைப்படி எண்ணலாமே' என்கிறார். எண்ணலாம் ஐயா, ஆனால் விடை 19 வராது. நம் அசை வேறு கணக்கு. இரண்டு குறில் சேர்ந்தாலோ, குறிலும் நெடிலும் சேர்ந்தாலோ ஒரே நிரையசை. அலகிட்டுப் பார்த்தேன்:

நியூ / மோ / னோ / அல்ட் / ரா / மைக் / ரோஸ் / கோ / பிக் / சிலி / கோ / வால் / கே / னோ / கோ / னியோ / சிஸ்

17 அசை. நியூ, சிலி, னியோ மூன்றும் நிரை, மற்ற 14-ம் நேர். ஆங்கிலத்தில் சி-லி, னி-யோ இரண்டிரண்டு சிலபிள். அதனால்தான் இரண்டு குறைகிறது. வேடிக்கை பாருங்கள், கேள்வி கேட்டவரைக் குழப்பிய 'நியூ' மட்டும் இரண்டு கணக்கிலும் ஒன்றுதான்.

ஈரசைச் சீராகவே வந்தால் ஒரு குறள் வெண்பா 13 அசையில் முடிந்துவிடும். ஆக, ஒரு குறளைவிட நீளமான ஒற்றைச் சொல் இது. ஆனால் வெண்பாவில் வைக்க முடியாது. 'நியூமோ' புளிமா, அடுத்த 'னோஅல்ட்' தேமா. மா முன் நிரை வர வேண்டிய இடத்தில் நேர் வந்து, முதல் தளையே ஆசிரியத்தளை. அகவலுக்கு வேண்டுமானால் முயற்சி செய்யலாம். யாராவது எழுதினால் இங்கே போடாதீர்கள்.

ஜூலை 8

நிஜமாகவே மருத்துவமனையில் புழங்குகிற நீளச்சொல் ஒன்று கேட்டிருந்தார்கள். ஈசோபேகோகேஸ்ட்ரோடியோடினோஸ்கோபி. சீட்டில் 'ஓஜிடி' என்று எழுதுவார்கள், அமெரிக்காவில் 'ஈஜிடி'. நாம் பொதுவாக எண்டோஸ்கோபி என்போம், வீட்டில் 'வாய் வழியா டியூப் விட்டுப் பார்த்தாங்க' என்போம்.

வாலிலிருந்து வாருங்கள்: ஸ்கோபி = பார்ப்பது. டியோடினோ = முன்சிறுகுடல். கேஸ்ட்ரோ = இரைப்பை. ஈசோபேகோ = உணவுக்குழாய். குழாய் இறங்கும் வரிசையிலேயே பெயர் இருக்கிறது, பார்த்தீர்களா? இடமிருந்து வலம் படித்தால் கருவி எந்த வழியாகப் போகிறது என்று தெரியும், வலமிருந்து தொடங்கினால் என்ன காரியம் என்று தெரியும். அழுத்தம் 'னோஸ்' மேல். ஸ்கோபி என்ற வாலுக்கு அதுதான் வழக்கம், கடைசியிலிருந்து மூன்றாவது.

சிலபிள் எண்ணினால் 12: ஈ-சோ-பே-கோ-கேஸ்-ட்ரோ-டி-யோ-டி-னோஸ்-கோ-பி. இங்கேதான் எனக்குப் பிடித்த தற்செயல். டியோடினம் என்ற பெயரே லத்தீனில் 'பன்னிரண்டு' சம்பந்தப்பட்டது. கி.மு. 300 வாக்கில் அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்த ஹீரோஃபிலஸ் அந்தக் குடல் பகுதி பன்னிரண்டு விரற்கடை நீளம் என்று அளந்து கிரேக்கத்தில் பெயர் வைத்தார், லத்தீன் அதை மொழிபெயர்த்துக்கொண்டது. ஜெர்மனில் இன்றைக்கும் நேராகவே 'பன்னிரு விரல் குடல்' என்றுதான் பெயர். பன்னிரண்டு சிலபிள் சொல்லின் வயிற்றில் ஒரு பன்னிரண்டு. யாரும் திட்டமிட்டதில்லை.

(புலவருக்கு: இது 10 அசை. டியோ, டினோஸ் இரண்டும் நிரை. நீங்கள் கேட்பதற்கு முன் நானே போட்டுவிட்டேன்.)

ஜூலை 9

'வாலைப் பிடித்தால் அழுத்தம் கிடைக்கும்' என்று எழுதியதை இரண்டு நாளாக அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். அது எல்லா வாலுக்கும் பொருந்தாது, வால்களில் இரண்டு சாதி உண்டு. இழுக்கிற வால், இழுக்காத வால். ஐடிஸ், ஓசிஸ், எக்டமி, ஆலஜி, ஸ்கோபி எல்லாம் இழுக்கிறவை. 'இசம்' இழுக்காது. தைராய்டில் தை மேல் அழுத்தம், ஹைப்போதைராய்டிசத்திலும் அதே தை.

இதற்கு உச்சகட்ட உதாரணம் சூடோசூடோஹைப்போபாராதைராய்டிசம். 30 எழுத்து, புதிர்க்காரர் கண்டுபிடித்ததில்லை, நிஜமான நோய்ப் பெயர். ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1942-ல் சூடோஹைப்போபாராதைராய்டிசத்தை விவரித்தார்: பாராதைராய்டு ஹார்மோன் தாராளமாகச் சுரக்கிறது, உடம்பு அதற்குக் காது கொடுப்பதில்லை, ரத்தத்தில் கால்சியம் குறைகிறது. சுரப்பு குறைவு போலத் தெரிந்தாலும் குறைவு இல்லை, அதனால் 'சூடோ', போலி. பத்து வருடம் கழித்து 1952-ல் அதே உடல்வாகு, அதே குட்டை விரல்கள், ஆனால் கால்சியம் சரியாகவே இருக்கும் நோயாளியைப் பார்த்தார். போலி நோயின் போலி. இன்னொரு சூடோவை முன்னால் வைத்துவிட்டார். நகைச்சுவை உணர்வுள்ளவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதைப் படிக்க வாலிலிருந்து பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டே முன்னால் வர வேண்டும்: இசம், தைராய்டு, அதன் பக்கத்தில் இருப்பது (பாரா), குறைவு (ஹைப்போ), போலி, போலி. சிலபிள் 12. இசம் என்பதில் கடைசி 'ம்'முக்கு முன் ஒரு குட்டி உயிர் இருப்பதால் அதை இரண்டாக எண்ண வேண்டும், சில அகராதிகள் எழுத்தைப் பிரிக்கும்போது ஒன்றாகவே விட்டிருக்கும். 11 என்று சண்டைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

ஜூலை 11

'தமிழர்கள் எல்லாவற்றையும் மட்டமாக, மேடுபள்ளம் இல்லாமல் சொல்கிறோம், வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரிவதில்லை' என்று நீண்ட புலம்பல் வந்திருக்கிறது. பாதி ஒத்துக்கொள்கிறேன். தமிழில் அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை, குறில் நெடில் மாறினால்தான் மாறும். படு வேறு, பாடு வேறு. அதனால் ஆங்கிலச் சொல்லில் ஒவ்வொரு உயிரையும் நாம் முழுசாக, மரியாதையோடு சொல்கிறோம்.

அதில் ஒரு லாபம் இருப்பதை யாரும் சொல்வதில்லை. கொலாஸ்டமி, கொலாட்டமி, கொலெக்டமி மூன்றையும் எடுங்கள். முதலாவது பெருங்குடலுக்கு வயிற்றில் வாய் வைப்பது, இரண்டாவது குடலைக் கீறித் திறப்பது, மூன்றாவது வெட்டி எடுப்பது. மூன்றும் ஆரம்பத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. வித்தியாசம் முழுக்க லாஸ், லாட், லெக் என்ற அழுத்தம் விழுகிற இடத்தில். ஆங்கிலத்துக்காரர் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் அந்த இடம் தப்பாது.

ஆனால் ஹைப்போகலீமியா, ஹைப்பர்கலீமியா என்று வரும்போது கதை தலைகீழ். ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, அதிகம். சிகிச்சையும் நேரெதிர். முக்கிய அழுத்தம் 'லீ' மேல், வித்தியாசமோ அழுத்தமே இல்லாத போ, பர் மேல். வேகமாகப் பேசும் அமெரிக்கர் வாயில் அந்த இடம் காற்றாகப் போய்விடும். ஆடியோ தெளிவில்லை என்றால் ஊகிக்கக் கூடாது, கோடு போட்டுக் காலியாக விட்டு டாக்டருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். ரிப்போர்ட்டில் வேறெங்காவது பொட்டாசியம் 2.8 (அதாவது குறைவு) என்று எண் கிடைத்தால்தான் நிம்மதி. நல்ல டாக்டர்கள் 'லோ பொட்டாசியம்' என்று ஒருமுறை கூடவே சொல்லிவிடுவார்கள். நம் ஊர் நர்ஸ் அக்கா 'ஹைப்-போ' என்று ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்திச் சொல்கிறாரே, இந்த இடத்தில் அதுதான் பாதுகாப்பு. புலம்பியவர் கவனிக்க.

கை, காலை விலக்குவது, சேர்ப்பது இரண்டிலும் இதே தொல்லை. அதற்கு அவர்களே வழி கண்டுபிடித்திருந்தார்கள்: 'ஏ-பி-டக்‌ஷன்', 'ஏ-டி-டக்‌ஷன்' என்று எழுத்துக்கூட்டிச் சொல்லிவிடுவார்கள். காலில் ஓடும் பெரோனியல் நரம்பும் அடிப்பகுதியின் பெரினியலும் காதில் ஒன்று போலவே விழும். 1998-ல் வந்த சர்வதேச உடற்கூற்றுச் சொற்பட்டியல் முன்னதற்கு 'ஃபிபுலார்' என்பதை முதன்மைப் பெயராக வைத்தது. பழைய டாக்டர்கள் மாறவில்லை.

ஜூலை 11, இரவு

'டயாலிசிஸ்' எங்கே அழுத்துவது? ஆ மேல், டை-ஆ-லி-சிஸ். பராலிசிஸும் அப்படித்தான். லிசிஸ் வால் தனக்கு முன்னாலிருக்கும் சிலபிளை மேடாக்கும். ஆஞ்சினாவை இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள், இரண்டும் சரி. லேபரட்டரியில் பிரிட்டிஷ்காரருக்கு பா மேல், அமெரிக்கருக்கு லே மேல். நமக்கு லேப்.

ஜூலை 13

'தமிழில் இப்படி ஒட்டி ஒட்டிப் போக முடியாது' என்றவருக்கு. ஏன் முடியாது? இரைப்பைக்குடலழற்சி என்று எழுதிப் பாருங்கள். தமிழிலும் தலைமைச் சொல் கடைசியில்தான் நிற்கும்: அழற்சி, நீக்கம், அடைப்பு, குறைபாடு. வாலிலிருந்து பொருள் எடுப்பது நமக்குப் பிறவிப் பழக்கம், ஆங்கில மருத்துவச் சொல்லைப் பார்த்தவுடன் மட்டும் அதை மறந்துவிட்டு முதலெழுத்திலிருந்து மூச்சுத் திணறுகிறோம். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். 19-ஆம் நூற்றாண்டிலேயே நடந்த காரியம் இது.

இதை வைத்து மொழிச் சண்டை தொடங்கினால் நான் வரமாட்டேன்.

ஜூலை 19

கடைசியாக வந்த கேள்வி: இலியம் குடலா எலும்பா? இரண்டும்தான். தமிழில் எழுதினால் பேதமே தெரியாது, ஆங்கிலத்தில் சொன்னாலும் தெரியாது, சிலபிள், அழுத்தம் எல்லாம் ஒன்றே. நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வேறு. 'ஈ' இருந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, குடல் சம்பந்தப்பட்ட 'என்டரிக்' 'ஈ'யில் தொடங்குகிற மாதிரி. 'ஐ' இருந்தால் இடுப்பெலும்பு, 'ஹிப்'பில் 'ஐ' இருக்கிற மாதிரி. டிக்டேஷனில் கேட்டால் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்: 'டெர்மினல்' முன்னால் வந்தால் குடல், எலும்பு முறிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் இடுப்பு.